பஞ்சு குடித்த மை

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்பதை உத்திரமேரூரில் பல பேர் இன்னும் நம்பவில்லை. காய்கறிக் கடைக்குப் போனால், கத்தரிக்காயை எடை போட்டுக்கொண்டே, "மேடம், எங்க வூட்டு பிரிண்டர்ல ரெண்டு லைட்டும் மாத்தி மாத்தி கண்ணடிக்கிது, இன்னா பண்றது?" என்று கடைக்காரர் கேட்கிறார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரரும் அதையே கேட்டார். ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே, "பஞ்சு ரொம்பியிருக்கும், கழுவணும்" என்றேன். பக்கத்தில் இருந்த என் நாத்தனார், நான் யாருக்கோ வந்த நோயைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்து, "ஐயோ பாவம், எத்தினி வயசு?" என்றாள்.

அந்தப் பஞ்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் இப்போது இருப்பவர்கள் ஒரு புது பிரிண்டரின் போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு சின்ன டப்பா. நிரம்பிவிட்டால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய டப்பாவை இழுத்துப் போட்டுவிட்டு, புதியதைத் தள்ளினால் முடிந்தது. "யக்கா, உங்க வேலைய டப்பாவுல அடைச்சிட்டாங்கோ. அந்தக் காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று ஒரு குரல் செய்தியும் வந்தது. அந்தக் காலமாம். போன வருஷம் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். இருந்தாலும் கேட்டது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் பிறந்த வீடு ராஜகுளம் பக்கம். வீட்டில் எல்லோரும் பட்டுத் தறியில் இருந்தார்கள், நான் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் பக்கம் வந்தேன். ஐடிஐ படித்தேன், கடகடவென்று கத்தும் பழைய பிரிண்டர்களுக்கு ரிப்பன் மாற்றக் கற்றேன், அப்புறம் மை பீய்ச்சும் பிரிண்டர்கள் வந்தபோது அவற்றுக்கும் தாவினேன். முதல் நாளே என் பத்து விரலும் நீலமாகிவிட்டன. வேலைக்கு வரும் பெண்கள் இதைப் பார்த்தால் அடுத்த நாள் வர மாட்டார்கள் என்று சென்டரில் எல்லோரும் பயந்தார்களாம். சாயப் பட்டறைத் தெருவில் வளர்ந்தவளுக்கு நீல விரல் ஒரு விஷயமா?

உத்திரமேரூரில் இருந்த அந்த சென்டருக்குப் பொறுப்பாளர் ஜெயபால் சார். மை வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார். ஒரு பொட்டு மை அந்தச் சட்டையில் பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் வேர்க்கடலை உரிப்பார். அதிகக் கோபம் என்றால் உரித்ததைச் சாப்பிடாமல் மேசையில் வரிசையாக அடுக்குவார். வரிசை நீளமாகிக்கொண்டே போனால் நாங்கள் எல்லோரும் ஏதாவது வேலை இருப்பது போலக் குனிந்துகொள்வோம்.

வாடிக்கையாளர் பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்ததும் நாம் அதைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். "வூட்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே இங்க பண்ணுங்க" என்று அவர்களையே ஓட்டச் சொல்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேரம் ஆட்டம் பார்ப்பவர் போல நின்று பார்ப்பார். பேப்பரை விசிறி போல விரித்து வைப்பவர்கள், அவசரத்தில் மூடியைத் தட்டுபவர்கள், வேலை முடிந்ததும் பட்டனில் அணைக்காமல் சுவர் சுவிட்சில் அணைப்பவர்கள் என்று பாதிக் கோளாறு மனிதர்களின் கையிலேயே தெரிந்துவிடும்.

இனி அந்தப் பஞ்சு. வீட்டு பிரிண்டரில் மை வருகிற முனையில் முடியை விடச் சின்னத் துளைகள் இருக்கும். அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது அவ்வப்போது கொஞ்சம் மையைத் துப்பும். வெற்றிலை போடுகிறவர்களுக்குத் துப்ப ஒரு படிக்கம் வேண்டும் அல்லவா, அது போல பிரிண்டரின் அடிவயிற்றில் தடித்த பஞ்சுத் துண்டுகள் அடுக்கியிருக்கும். துப்பிய மை ஒரு மெல்லிய டியூப் வழியாக அங்கே போய்ச் சேரும். பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை துப்பும்போதும் மனசுக்குள் ஒரு கணக்கைக் கூட்டிக்கொள்ளும். கணக்கு நிறைந்தவுடன் இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றி மின்னவிட்டு, இனி ஒரு பக்கம்கூட அடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கணக்கை அழிப்பது சுலபம். லேப்டாப்பில் கேபிளைச் சொருகி, சர்வீஸ் சாஃப்ட்வேரில் மாடலைத் தேர்ந்து, கவுன்ட்டரைப் படிக்கச் சொன்னால் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும். ஒரு டிக் போட்டு ரீசெட்டை அழுத்தி, ஒருமுறை அணைத்துப் போட்டால் புதுசு போல எழுந்துகொள்ளும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ஜெயபால் சார் அதைக் கடைசியில்தான் செய்ய விடுவார். முதலில் பஞ்சு வெளியே வர வேண்டும். எந்தத் துண்டு எந்த மூலையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயடியில் தண்ணீர் தெளிவாக வரும்வரை அழுத்தி அழுத்திக் கழுவ வேண்டும், துணி போலப் பிழியக் கூடாது. மாடியில் காய வைத்து, அதே அடுக்கில் திரும்ப வைத்து, அதற்கப்புறம்தான் கணக்கைத் தொடலாம்.

இது வீண் வேலை என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் ஒரு அம்மா பிரிண்டரையும் ஒரு பட்டுப் புடவையையும் ஒரே கோணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ வீட்டுக்கு வந்து பஞ்சைப் பார்க்காமலே கணக்கை மட்டும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார். பிரிண்டர் இருந்தது பீரோ மேலே. நிரம்பி வழிந்த மை பீரோவின் இடுக்கில் இறங்கி, பெண்ணின் முகூர்த்தப் புடவை முந்தானையில் குடியேறிவிட்டது. கிளிப்பச்சைப் புடவையில் வாங்காத ஒரு டிசைன். சார் அன்றைக்கு உரித்த கடலை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. அதற்கப்புறம் பஞ்சு கழுவ நான் முணுமுணுத்ததில்லை.

இப்படிக் கழுவிய பஞ்சுகளில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியாது. அது மானாம்பதி அஞ்சலையின் பிரிண்டரில் இருந்தது.

மானாம்பதியில் ஒரு மகளிர் குழு சேர்ந்து பிரிண்டர் வாங்கியிருந்தார்கள். ஊர்த்தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் கலந்த குழு. ஆதார் நகல், ரேஷன் கார்டு விண்ணப்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் எல்லாம் ஊரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. குழுவில் கம்ப்யூட்டர் படித்தவள் அஞ்சலை ஒருத்திதான் என்பதால் காலனியில் அவள் வீட்டில் பிரிண்டர் இருந்தது. மையை டேங்க்கில் ஊற்றுகிற மாடல். முதல் தடவை விளக்கு மின்னியபோது, பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு வந்தவள் போல அவள் முகம் இருந்தது. கழுவி, ரீசெட் செய்து அனுப்பினேன்.

சாதாரணமாக ஒரு வீட்டில் அந்தப் பஞ்சு வருஷக்கணக்கில் தாங்கும். கோடை ஆரம்பத்தில் வந்த அஞ்சலையோ மாம்பழ சீசன் முடிவதற்குள் திரும்பவும் வந்து நின்றாள். இந்த முறை கூடவே குழுத் தலைவி குமுதாவும் வந்திருந்தார். ஊர்த்தெருக்காரர். நின்றால் பேசுவார், உட்கார்ந்தால் இன்னும் வேகமாகப் பேசுவார்.

"மேடம், இந்த மிஷினு எத்தினி பக்கம் அடிச்சிருக்குன்னு அதுக்குள்ளவே எழுதியிருக்குமாமே, பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். கொஞ்சம் பக்கம்தான் அடித்திருந்தது. சொன்னேன்.

"கேட்டுக்கினியா?" குமுதா அஞ்சலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "காயிதம் கம்மி, மை மட்டும் பாட்டில் பாட்டிலா காலியாவுது. இவ தம்பி இங்க பஸ் ஸ்டாண்டாண்ட போட்டோக் கடையில கீறான். மை எங்க போவுதுன்னு ஊரே பேசிக்கினு கீது."

அஞ்சலை பிரிண்டர் சுற்றி வந்த புடவையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிரிண்டரைத் திறந்து பஞ்சை இடுக்கியால் தூக்கினேன். சொட்டச் சொட்ட வந்தது.

"அம்மா, மை வெளிய எங்கயும் போகல. எல்லாம் இதுக்குள்ளதான் கீது, பாருங்க."

குமுதா சும்மா விடுகிறவரா? "காயிதமே அடிக்காம மை எப்படி மேடம் அதுக்குள்ள போவும்? கேள்வி வந்துடுச்சின்னு இவளே ஊத்தி வெச்சிருப்பா. ஞாயித்துக்கிழம கூட்டம் போட்டுக்கிறோம். மிஷின வாங்கிக்கினு, குழுவுலேர்ந்து இவ பேரை எடுத்துடறதா பேச்சு."

கேள்வி நியாயமான கேள்வி. சாரைக் கூப்பிட்டேன். ஜெயபால் சார் வந்து, வழக்கம்போல அஞ்சலையையே ஓட்டச் சொன்னார். பேப்பரை ஒழுங்காக வைத்தாள். மூடியை மெதுவாகச் சாத்தினாள். முடிந்ததும் பட்டனில் அணைத்தாள். இவ்வளவு சுத்தமாக யாரும் ஓட்டி சார் பார்த்ததில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வேற எதுனா பண்ணுவியாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்றது இல்ல சார்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

பஞ்சைக் கழுவாமல் அப்படியே உள்ளே வைக்கச் சொன்னார் சார். ஞாயிறு வரை ஓடுவதற்காகக் கணக்கை மட்டும் தற்காலிகமாக அழிக்கச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். "வசந்தா, இங்க வந்து நின்னா யாருமே வூட்ல இருக்கிற மாதிரி இருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில அவங்க எழுந்துக்கற நேரத்துக்கு நீ அங்க இரு. மிஷினப் பாக்காத. அந்தப் பொண்ணப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நெல் வாசனை. அஞ்சலை வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி, "வாங்க மேடம், காபி போடறேன்" என்றாள். "நீ உன் வேலையப் பாரு, நான் சும்மாதான் வந்தேன்" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். கோலம் போட்டாள். புள்ளி வைத்து, அளவெடுத்தது போல ஒரு கோலம். கை கால் கழுவினாள். உள்ளே போய், ஒரு மஞ்சள் துணியால் பிரிண்டரைத் துடைத்தாள். நெற்றியில் குங்குமம் வைப்பது போல அதன் மூடி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு வெகு இயல்பாக, மைத்துளி படம் போட்ட பட்டனில் கட்டை விரலை வைத்து அழுத்தியபடி நின்றாள்.

பிரிண்டர் கொர்ரென்று இருமி, உறிஞ்சி, துப்ப ஆரம்பித்தது. வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து உள்ளே ஓடினேன்.

"அஞ்சலை, இன்னாம்மா பண்றே?"

"ஒண்ணும் பண்ணல மேடம்."

"இப்ப அமுத்தினியே?"

"அதுவா? வாசத் தெளிக்கிறோம் இல்ல, அதுபோல. மொதல்ல ஒரு தபா படத்துல கோடு கோடா வந்திச்சி. இத்த அமுத்தினா போயிடும்னு போன்ல சொன்னாங்கோ. போயிடுச்சி. கோடு வந்தப்புறம் அமுத்தறத விட, வராமயே வெச்சிக்கலாம்னு தெனம் காலையில அமுத்திடுவேன்."

"தெனமுமா?"

"ஆமா. வெள்ளிக்கிழம, அமாவாசைன்னா ரெண்டு தபா. சாவு வூட்டுக்காரங்க அஞ்சலி போஸ்டருக்குப் படம் எடுக்க வந்துட்டுப் போனா மூணு தபா. அன்னிக்கு வூடே கழுவி வுடறோம் இல்ல மேடம், மிஷின மட்டும் அப்படியே வுட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முனை நன்றாக இருக்கும்போது அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நல்ல மையை அள்ளிக் கொண்டுபோய்ப் பஞ்சில் கொட்டும், கணக்கும் கூடும். இவள் கேட்டவர்களிடமெல்லாம் ஒண்ணும் பண்ணவில்லை என்று சொன்னதும் பொய் இல்லை. காலையில் என்னம்மா செய்தாய் என்று என்னைக் கேட்டால், வாசல் தெளித்தேன் என்றா சொல்வேன்? அதை யாரும் ஒரு வேலையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ மையக் காலி பண்ணது நான்தானா மேடம்?" என்றாள். "நீதான். ஆனா திருடல. அது போதும், எழுந்திரு" என்றேன்.

குழுப் பெண்கள் வெயில் ஏறுமுன் வந்து சேர்ந்தார்கள். காலனிப் பெண்கள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். குமுதாவும் ஊர்த்தெருப் பெண்களும் வாசலில், கோலத்தை மிதிக்காமல் நின்றார்கள். அதனால் நான் பிரிண்டரையே ஒரு ஸ்டூலோடு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பின்பக்கத்து டியூபைப் பஞ்சிலிருந்து உருவி, காலியான தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன்.

"குமுதாம்மா, மை எங்க போவுதுன்னு கேட்டீங்க இல்ல? நீங்களே அமுத்துங்க."

தயங்கித் தயங்கி விரலை வைத்தார். பிரிண்டர் இருமியது. பாட்டிலுக்குள் கறுப்பும் நீலமும் சிவப்பும் கலந்து சொட்டியது. ஒரு துண்டுக் காகிதம்கூட உள்ளே போகவில்லை. பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யய்யே, பேதி போவற மாதிரி போவுதே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை தினமும் வாசல் தெளிக்கும்போது இதையும் செய்தாள் என்றும், சாவு வீட்டுக்கு மூன்று தபா என்றும் நான் சொன்னபோது சிரிப்பு இன்னும் பெரிதானது. ஒரு பெண், "அடியே, கருமாதிக்கு மொட்ட போடாம வுட்டியே அதுக்கு" என்றாள். குமுதாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏம்மா, யாராச்சும் மிஷினுக்குப் போயி இவ்ளோ சுத்தம் பாப்பாங்களா?"

அஞ்சலை சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை, ஏதோ சாதாரண விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"இங்க கொண்டாந்து வெச்ச அன்னிக்கு நீங்கதானேக்கா சொன்னீங்க, 'அவங்க வூட்லயா வெக்கறது, சுத்தமா இருக்குமா'ன்னு. நான் பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன்."

குமுதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நான் வந்தது மையைக் கண்டுபிடிக்க. இதைக் கண்டுபிடிக்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகவே குனிந்து, பிரிண்டரைப் பிரித்து, பஞ்சுத் துண்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். "இத்தக் கழுவணும். குழாய் எங்கம்மா கீது?" என்றேன்.

"வூட்டுக்குப் பின்னால" என்று அஞ்சலை தட்டை வாங்க வந்தாள்.

அதற்குள் குமுதா தட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டார், நிலைப்படி தாண்டி உள்ளே போனார், பாயில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட, வீட்டுக்குள்ளேயே நடந்து பின்பக்கம் போனார். நான் கையுறையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "போட்டுக்கினு கழுவுங்கம்மா, ஒட்டிக்கும்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. குழாயடியில் குந்தி உட்கார்ந்து, நான் காட்டியபடி பிழியாமல், உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் கழுவினார். கறுப்புத் தண்ணீர் வாழைக் கன்றுக்குப் பாய்ந்தது. அத்தனை பேசுகிற அந்த அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டாகத் தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. எங்கள் சென்டரில்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு பஞ்சும் கழுவப்பட்டதில்லை.

பஞ்சு ஓட்டின் மேல் காய்ந்தது. அதுவரை எல்லோரும் நாஷ்டா சாப்பிட்டோம். அஞ்சலை செய்த கேழ்வரகு அடையும் காரச் சட்னியும். குமுதா பாயில் உட்கார்ந்து இரண்டாவது அடையும் கேட்டு வாங்கினார். வெயில் உச்சிக்கு வந்ததும் பஞ்சை அடுக்கி, டியூபைச் சொருகி, லேப்டாப்பை மாட்டினேன். எல்லாப் பெண்களும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, ரீசெட்டை அழுத்தினேன். கணக்கு பூஜ்யத்துக்கு வந்தது. அணைத்துப் போட்டதும் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கோடு விழாத வரைக்கும் அந்த மைத்துளி பட்டனைத் தொட மாட்டேன் என்று அஞ்சலையிடம் எல்லோர் முன்னாலும் சத்தியம் வாங்கினேன். குங்குமம் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மூடிக்கு வெளியேதானே?

முதல் பக்கம் வெளியே வந்தபோது அதைக் குமுதாதான் எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் அவர் கைகளை எல்லோரும் கவனித்தோம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கருநீலம், நகத்தடியில் சிவப்பு. பஸ்ஸில் போனாலும், பால் ஊற்றப் போனாலும், கோயிலில் கும்பிட்டாலும் தெரியும்.

அஞ்சலை உள்ளே ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் சோப்புத் தூளும் கொண்டு வந்தாள். "குடுங்கக்கா கைய. நல்லா தேச்சா கொஞ்சம் போயிடும். இல்லாட்டி பாக்கறவங்கல்லாம் இன்னா இதுன்னு கேப்பாங்கோ."

குமுதா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கேக்கட்டும் அஞ்சலை. நான் சொல்லிக்கிறேன்."